ஒரு மணி நேரம் முந்தி ஓடும் ஊர்

போதென் ரயில் நிலையத்துக்கு நாங்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம். முன்ஜாக்கிரதை எல்லாம் இல்லை. நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த கடையின் சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றே கால். என் கைபேசியிலும் அதே மூன்றே கால். "மாமா, வண்டிக்கு அரை மணி நேரந்தான் இருக்கு" என்று மாப்பிள்ளை பதறினான். பாதிக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு, கிடைத்த வேனில் ஏறி, மூச்சு வாங்க நிலையத்துக்குள் நுழைந்து நிமிர்ந்து பார்த்தால், அங்கே மணி இரண்டரை.

போதென், லாவோஸ் நாட்டின் வடக்கு எல்லையில் இருக்கும் ஊர். லாவோஸ் நேரம் சீன நேரத்தைவிட ஒரு மணி நேரம் பின்னால். ஆனால் ஊருக்குள் ஓடுவது பெய்ஜிங் நேரம். கடைகளில் சீன எழுத்து, கல்லாவில் யுவான், என் கைபேசி பிடித்துக்கொண்டதும் எல்லைக்கு அப்பால் நிற்கும் சீனக் கோபுரத்தின் அலையைத்தான். ரயில் மட்டும் லாவோஸ் நேரத்தில் ஓடுகிறது. சீனா அத்தனை அகலமான நாடாக இருந்தும் கிழக்கு முதல் மேற்கு வரை ஒரே நேரத்தைத்தான் வைத்திருக்கிறது. இங்கே அது கொஞ்சம் எல்லை தாண்டிக் கசிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை என் மனைவியின் தம்பி. மதுரையில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் வேலை. 2024 பிப்ரவரியில் இருவரும் தாய்லாந்து போய், அங்கிருந்து நோங் காய் பாலம் வழியாக மேகாங்கைத் தாண்டி லாவோஸின் தலைநகரான வியன்டியன் வந்து, ரயிலேறி வடக்கே போனோம். என் ஆசை மலையும் ஆறும். அவனுக்கு, சீனக் கடனில் கட்டிய அந்த ரயிலைப் பார்க்க வேண்டும். ஆறு வருடமாகக் கடன் கோப்புகளோடு புழங்குகிறவனுக்கு உலகத்தின் பிரபலமான கடன் ஒன்றின் மீது ஏறி உட்கார்ந்து பார்க்க ஆசை வந்ததில் வியப்பில்லை.

ரயிலைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது, அது அருமையாக இருக்கிறது என்பதுதான். கடன், ஆதிக்கம் என்று எதை எழுதினாலும் இதை மறைத்தால் நேர்மையாகாது. வியன்டியனிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு முன்பெல்லாம் மலைப்பாதையில் பேருந்தில் எட்டு, பத்து மணி நேரம் ஆகும். இப்போது இரண்டு மணி நேரம். எங்கள் எதிர் இருக்கையில் மூங்கில் கூடையோடு ஒரு அம்மாள். கூடைக்குள் வாழையிலையில் கட்டிய ஒட்டரிசிச் சோறு. ஒவ்வொரு சுரங்கத்திலும் கண்ணாடியில் தன் முகம் தெரிவதைப் பார்த்து முடியைச் சரிசெய்துகொண்டே வந்தார். சுரங்கத்துக்குப் பஞ்சமில்லை. லாவோஸுக்குள் 400 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பாதையில் 75 சுரங்கங்கள், 167 பாலங்கள். பாதையின் ஏறத்தாழ பாதி மலைக்குள்ளேயே கிடக்கிறது. லாவோ மொழியில் ரயிலுக்கு 'லொட் ஃபை' என்று பெயர். நெருப்பு வண்டி. நாம் புகையைப் பார்த்துப் பெயர் வைத்தோம், அவர்கள் நெருப்பைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் இந்த வண்டியில் இரண்டும் கிடையாது, மின்சாரத்தில் 160 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது.

2021 டிசம்பர் 3 அன்று இது ஓடத் தொடங்கும் முன், அந்த நாட்டில் இருந்த மொத்த ரயில் பாதை, தாய்லாந்து எல்லையிலிருந்து உள்ளே நீண்ட மூன்றரை கிலோமீட்டர்தான். கடலில்லாத நாடு, ஐந்து பக்கமும் அண்டை நாடுகள். 'நிலத்தால் அடைபட்ட நாடு' என்ற பெயரை மாற்றி 'நிலத்தால் இணைந்த நாடு' ஆக்குவோம் என்பது அவர்கள் அரசின் முழக்கம். முழக்கம் என்றாலும் அதில் ஏக்கம் இருக்கிறது.

இந்த ஏக்கத்தைச் சேர்க்காமல் சொன்னால் கதை தப்பாகிவிடும். பெரிய நாடு சின்ன நாட்டை ஏமாற்றிக் கடனில் தள்ளியது என்று ஒரு கதை எல்லாரும் சொல்வது. லாவோஸ் விஷயத்தில் அது பாதிதான் பொருந்தும். கூட்டு நிறுவனமாகப் போடலாம் என்று தொடங்கிய பேச்சிலிருந்து, லாபம் வராது என்று சீன நிறுவனங்களே ஒரு கட்டத்தில் விலகிக்கொண்டன. லாவோஸ் விடவில்லை. 2012 அக்டோபரில் நாடாளுமன்றம் சிறப்பாகக் கூடி, சீன அரசின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்ஸிம் வங்கியில் 700 கோடி டாலர் அளவுக்குக் கடன் வாங்கித் தாங்களே கட்டிக்கொள்ள ஒப்புதல் கொடுத்தது. இதற்காக ஓடியாடியவர் அன்றைய துணைப் பிரதமர் சோம்சவாத் லெங்சவாத். சீன வம்சாவளி, சீன மொழி தெரிந்தவர். அந்தத் திட்டம் அப்படியே நடக்கவில்லை. பின்னால் சீன அரசு 'ஒரு மண்டலம் ஒரு பாதை' என்று பெரிய அளவில் இறங்கியபோது, கணக்கு மாறி மறுபடி கூட்டு நிறுவனமாகவே வந்தது.

அந்தக் கணக்கை மாப்பிள்ளை ரயிலிலேயே ஒரு டிக்கெட்டின் பின்புறத்தில் போட்டுக் காட்டினான். மொத்தச் செலவு சுமார் 600 கோடி டாலர், அதாவது லாவோஸின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. நிறுவனத்தில் சீனப் பங்கு 70 சதவீதம், லாவோஸ் பங்கு 30. செலவில் அறுபது சதவீதம் எக்ஸிம் வங்கியிடம் நிறுவனம் வாங்கிய கடன். மீதி நாற்பதுதான் கூட்டாளிகள் போட வேண்டிய முதல். அதில் லாவோஸ் போட வேண்டியது 73 கோடி. கஜானாவிலிருந்து வந்தது 25 கோடி, மீதி 48 கோடிக்கும் அதே எக்ஸிம் வங்கியில்தான் கடன்.

"அதாவது மாமா, வீடு கட்ட லோன் கொடுத்த வங்கியே, நாம கைக்காசா போட வேண்டிய பணத்துக்கும் இன்னொரு லோன் கொடுத்திருக்கு. எங்க பிராஞ்ச்ல இப்படி ஒரு ஃபைல் வந்தா மேனேஜர் தூக்கிப் போட்டுருவாரு."

"பிறகு இவங்க ஏன் கொடுத்தாங்க?"

"வீடு அவங்க வீட்டுக்குப் போற வழியில இருக்கே."

உண்மைதான். எல்லைக்கு அப்பால் இருக்கும் சீனாவின் யுன்னான் மாகாணமும் கடலில்லாத இடம். அதன் தலைநகர் குன்மிங்கிலிருந்து தெற்கே கடலைத் தொட, லாவோஸைக் கடந்து தாய்லாந்து போவது ஒரு வழி. குன்மிங்–வியன்டியன் பாதையின் 1,035 கிலோமீட்டரையும் ஒரே வண்டியில் கடந்து பயணிகள் போகத் தொடங்கியது 2023 ஏப்ரலில். சரக்கு அதற்கு முன்பிருந்தே போகிறது. மரவள்ளி, ரப்பர், இரும்புத் தாது, தாய்லாந்திலிருந்து துரியன் பழம்.

அதே பாதையின் தொடர்ச்சிக்காகத் தாய்லாந்தும் சீனாவுடன் பேசியது. வட்டி அதிகம் என்றார்கள். பாதையோர நிலத்தில் உரிமை கேட்டதற்கு முடியாது என்றார்கள். கடைசியில் 2016-இல் பிரதமர் பிராயுத், பணத்தை நாங்களே போட்டுக்கொள்கிறோம், தொழில்நுட்பம் மட்டும் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். பாங்காக்கிலிருந்து கோராட் வரையான முதல் துண்டு 2017 டிசம்பரில் தொடங்கி, நாங்கள் போனபோதும் கட்டிக்கொண்டே இருந்தார்கள். தாமதம்தான். ஆனால் தாமதிக்கிற வசதி அவர்களுக்கு இருந்தது. சுமார் 75 லட்சம் மக்கள் உள்ள லாவோஸுக்கு அது இல்லை. பேரம் பேசுகிறவன் கடையை விட்டு எழுந்து போகத் தயாராக இருந்தால்தான் விலை குறையும்.

லுவாங் பிரபாங்கில் நாங்கள் தங்கிய விடுதியை நடத்தியவர் ஐம்பதைக் கடந்த ஒரு அம்மாள். கொஞ்சம் ஆங்கிலம், நிறையக் கையசைவு. மகள் குன்மிங்கில் உதவித்தொகையில் படிக்கிறாள். விடுதிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சீனர்கள். வாடகையை லாவோஸ் பணமான கிப்பில் கொடுக்கலாமா என்று கேட்டேன். கொடுக்கலாம், ஆனால் தாய்லாந்துப் பணமான பாத் என்றால் நல்லது, யுவானும் சரி என்றார். சொந்த நாட்டுப் பணத்தைக் கடைசி இடத்தில் வைத்துச் சொன்னதில் அவருக்கு எந்த வருத்தமும் தெரியவில்லை. நாங்கள் போனபோது 100 டாலர் மாற்றினால் 20 லட்சம் கிப்புக்கு மேல் வந்தது. மாப்பிள்ளை ஒரு நிமிடம் கோடீஸ்வரன் போல நோட்டுக்கட்டை எண்ணினான். 2019-இல் அதே 100 டாலருக்குக் கிடைத்தது 9 லட்சத்துக்கும் குறைவு. அந்த அம்மாளின் சேமிப்பு நான்கு ஐந்து வருடத்தில் பாதிக்கும் கீழே போய்விட்டது என்பதுதான் அந்தக் கட்டின் பொருள்.

2022 இலங்கைக்கு எப்படி இருந்தது என்று தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே வருடம் லாவோஸிலும் பெட்ரோல் வரிசை, பணம் சரிவு, விலையேற்றம் எல்லாம் நடந்தன. 2023 பிப்ரவரியில் பணவீக்கம் 41 சதவீதத்தைத் தொட்டது. அரசின் கடனும் அரசு உத்தரவாதம் கொடுத்த கடனும் சேர்ந்து நாட்டின் மொத்த உற்பத்தியைத் தாண்டிவிட்டன. வெளிக்கடனில் ஏறத்தாழ பாதி சீனாவிடம் வாங்கியது. ஆனால் இலங்கை 2022 ஏப்ரலில் கடனைக் கட்ட முடியாது என்று வெளிப்படையாக அறிவித்தது. மக்கள் தெருவுக்கு வந்தார்கள், ஜனாதிபதி ஓடினார், பன்னாட்டு நாணய நிதியம் உள்ளே வந்தது. லாவோஸில் இது எதுவும் நடக்கவில்லை. 1975 முதல் ஒரே கட்சியின் ஆட்சி, தெருவுக்கு வரும் வழக்கம் கிடையாது. 2022 டிசம்பர் கடைசியில் பிரதமர் பதவி விலகினார். இளைஞர்கள் கூலி வேலைக்குத் தாய்லாந்து போனார்கள். கடனைக் கட்ட முடியாது என்று யாரும் அறிவிக்கவில்லை. ஏனென்றால் கட்ட வேண்டிய பெரும்பகுதி தள்ளிப் போடப்பட்டது. 2023-இல் மட்டும் 67 கோடி டாலர் அசலும் வட்டியும் ஒத்திவைக்கப்பட்டன.

இந்த இடத்தில்தான் மாப்பிள்ளையின் தொழிலறிவு எனக்கு உதவியது. சீனா நிலத்தைப் பிடுங்கிக்கொள்ளும் என்று பலர் பயப்படுகிறார்கள், இவன் வேறு மாதிரி சொன்னான்.

"வாராக்கடன்னு எழுதிட்டா மாமா, வாங்குனவனுக்கும் கேவலம், கொடுத்த எங்களுக்கும் கேவலம். அதனால எழுத மாட்டோம். வாய்தா கொடுத்துக்கிட்டே இருப்போம். வாய்தா வாங்குறவன் வருசா வருசம் பிராஞ்சுக்கு வருவான். பவ்யமா நிப்பான். டெபாசிட் வேணும்னா போடுவான், இன்சூரன்ஸ் எடுன்னா எடுப்பான். கட்டி முடிச்சவன்தான் திரும்பிப் பார்க்க மாட்டான்."

வளரும் வல்லரசு ஒன்று பக்கத்து வீட்டின் மீது செல்வாக்கு செலுத்துவதைப் பற்றி நான் படித்த பல பக்கங்களைவிட இந்த நாலு வரி எனக்கு நன்றாக விளங்கியது. தள்ளுபடியும் இல்லை, ஜப்தியும் இல்லை, ஒவ்வொரு வருடமும் கேட்டு வாங்க வேண்டிய அவகாசம். எந்த நிபந்தனையில் அவகாசம் கிடைத்தது என்று நாட்டு மக்களுக்குத் தெரியாது. லாவோஸுக்குக் கடன் கொடுத்த மற்றவர்களுக்கும் தெரியாது.

ஆனாலும் அடமானமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2020 செப்டம்பரில் லாவோஸின் மின்வாரியமும் சீனாவின் தெற்கு மின்தொகுப்பு நிறுவனமும் சேர்ந்து ஒரு புதிய கம்பெனி தொடங்கின. பெரும்பான்மைப் பங்கு சீனாவுக்கு. 2021 மார்ச்சில் நாட்டின் உயர் அழுத்த மின்தடங்களையும் அண்டை நாடுகளுக்குப் போகும் இணைப்புகளையும் 25 வருடத்துக்கு நடத்தும் உரிமை அதற்குக் கிடைத்தது. லாவோஸ் தன்னைத் தென்கிழக்கு ஆசியாவின் பேட்டரி என்று சொல்லிக்கொள்ளும் நாடு. ஆற்றுக்கு ஆறு அணை. 'நாம் ஊ' என்ற ஒரே ஆற்றில் சீன நிறுவனம் கட்டியவை மட்டும் ஏழு. மழைக்காலத்தில் மின்சாரம் மிஞ்சிப் போகும், வாங்கினாலும் வாங்காவிட்டாலும் தனியார் அணைகளுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும் என்ற ஒப்பந்தம். கோடையில் தாய்லாந்திடமே திரும்ப வாங்க வேண்டும், அதுவும் கூடுதல் விலைக்கு. இப்படியாக மின்வாரியம் கடனில் மூழ்கியபோது கை மாறியது கம்பி. ரயிலைப் பார்த்துப் படம் எடுக்க முடிகிறது, அதனால் உலகமே ரயிலைப் பற்றிப் பேசுகிறது. கம்பி கை மாறியதைப் பார்க்க வெளியூர்க்காரன் எவனும் டிக்கெட் எடுத்துப் போகமாட்டான். என்னைக் கேட்டால், ரயிலைவிடப் பெரிய விஷயம் அந்தக் கம்பிதான்.

எங்கள் பக்கம் 'ஒத்தி' என்று ஒரு ஏற்பாடு உண்டு, சென்னைப் பக்கம் போக்கியம் என்பார்கள். கடனுக்கு வட்டி கிடையாது, கொடுத்தவர் வீட்டில் வாடகை இல்லாமல் குடியிருப்பார். பணம் திரும்பினால் வீடு திரும்பும். 2009 தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியை வியன்டியன் நடத்தியபோது இதே சாயலில் ஒன்று நடந்தது. அரங்கம் கட்டச் சீன வங்கியின் கடன். அதற்கு ஈடாக, நகரின் பெரிய தூபியான தாட் லுவாங்கின் பெயரைத் தாங்கிய சதுப்பில் 1,600 ஹெக்டேர் நிலத்தைச் சீன நிறுவனங்களுக்குக் கொடுக்கத் திட்டம். ஐம்பதாயிரம் சீனர்கள் குடியேறப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. வாயே திறக்காத நகரம் அன்று முணுமுணுத்தது. 2008 பிப்ரவரியில் துணைப் பிரதமரே செய்தியாளர்களைக் கூட்டி அப்படியெல்லாம் இல்லை என்று விளக்க வேண்டியதாயிற்று. பின்னர் நிலத்தின் அளவு வெகுவாகக் குறைந்தது. எதிர்க்கட்சியும் தேர்தல் போட்டியும் இல்லாத நாட்டிலும் ஒரு சதுப்பு நிலத்துக்காக அரசு பின்வாங்கியிருக்கிறது. இதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

செல்வாக்கு என்றால் பெய்ஜிங்கில் ஒரு அறையில் உட்கார்ந்து ஒருவர் கயிற்றை இழுப்பது போல நினைத்துக்கொள்கிறோம். போதெனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2000-களில் இங்கே சீன முதலாளிகள் சூதாட்ட விடுதி நடத்தினார்கள். ஊர்க்காரர்கள் சாலையோரமாகத் தெற்கே தள்ளிக் குடியமர்த்தப்பட்டார்கள். சூதில் தோற்றவர்களைக் கடனுக்காக அடைத்துவைத்தார்கள் என்று செய்தி வந்ததும், இழுத்து மூட அழுத்தம் கொடுத்தது சீன அரசுதான். 2011-இல் ஊர் பாழடைந்தது. பிறகு யுன்னான் கம்பெனி ஒன்று வந்து 1,640 ஹெக்டேரில் மறுபடி கோபுரம் எழுப்பியது. ஆக, திறந்ததும் சீனர், மூடவைத்ததும் சீனர், மறுபடி திறந்ததும் சீனர். லாவோஸ் நிலத்தைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தது. மேற்கே மேகாங் கரையில் பொக்கேயோ மாகாணத்தில் இன்னொரு சூதாட்ட நகரம் 99 வருடக் குத்தகையில் நடக்கிறது. அதன் அதிபர் மீது 2018-இல் அமெரிக்கா தடை விதித்தது. அங்கேயும் கடிகாரம் பெய்ஜிங் நேரம் என்று கேள்வி. போக எங்களுக்குத் துணிச்சல் இல்லை.

வடக்கு மாகாணங்களில் நெல்வயல்களைக் குத்தகைக்கு எடுத்துச் சீனர்கள் வாழை போட்டார்கள். பூச்சிமருந்தால் ஆறு கெட்டது, வேலை செய்தவர்களுக்கு நோய் வந்தது, புதிய தோட்டங்களுக்கு அரசு தடை போட்டது. வயலைக் குத்தகைக்கு விட்டவர்கள் அதே வயலில் கூலிக்குப் போன கதை. நமக்குப் புதிதில்லை.

இத்தனைக்கும் லாவோஸுக்கு இது முதல் பெரியண்ணன் இல்லை. லுவாங் பிரபாங் அரசர்கள் சியாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) வியட்நாமுக்கும் சீனாவுக்கும் திறை அனுப்பிக் காலம் தள்ளியவர்கள். வியன்டியன் அரசன் அனு சியாமை எதிர்த்து 1827-இல் கிளம்பியதற்கு, நகரையே தரைமட்டமாக்கினார்கள். பிறகு பிரெஞ்சுக்காரர்கள். பிறகு 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் 5,80,000 முறை பறந்து 20 லட்சம் டன் குண்டு போட்டன. வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணுக்குள். 1975-க்குப் பிறகு வியட்நாம் கை ஓங்கியது. இன்றைக்கும் கட்சித் தலைவர்களின் நெருக்கம் ஹனோயோடுதான் என்பார்கள். சீனா ரயில் விட்ட அதே 2021-இல் வியட்நாம் ஒரு புதிய நாடாளுமன்றக் கட்டடத்தையே பரிசாகக் கட்டிக் கொடுத்தது. வீட்டில் தொலைக்காட்சி தாய்லாந்துடையது. யாருக்கும் முழுதாக வசப்படாமல் எல்லாரிடமும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும் கலை அவர்களுக்குப் பழக்கம். ஆனால் அந்தக் கலை நடக்க, கேட்கிறவர்களுக்குள் ஓரளவாவது சமபலம் வேண்டும். கடனில் பாதி ஒருவரிடம் போய்விட்டால் மற்றவர்களைக் காட்டிப் பேரம் பேசுவது கஷ்டம்.

பதிலுக்குச் சீனா கேட்பது பெரும்பாலும் சின்ன விஷயம். தென்சீனக் கடல் பற்றிய வழக்கில் 2016 ஜூலை 12 அன்று ஹேகில் சீனாவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. அதே மாதம் ஆசியான் வெளியுறவு அமைச்சர்கள் வியன்டியனில் கூடினார்கள். கூட்டறிக்கையில் அந்தத் தீர்ப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. முட்டுக்கட்டை போட்டது கம்போடியா, லாவோஸுக்குக் கடலே கிடையாது, தலைமை மட்டும் தாங்கியது. ஒரு வரி இல்லாமல் போவதற்கு என்ன விலை இருக்கும் என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். அதற்கெல்லாம் தன் வங்கியில் படிவம் இல்லை என்றான்.

இத்தனையும் பேசித் தீர்க்க எங்களுக்குப் போதென் நிலையத்தில் நேரம் இருந்தது. காத்திருக்கும் கூடம் பிரம்மாண்டம், ஆட்கள் முப்பது பேர் இருந்தால் அதிகம். ஒரு லாவோ இளைஞன் ரயில்வே சீருடையில், பயணிகளை வரிசையில் நிற்கச் சொல்லி லாவோ மொழியில் ஒரு தடவை, சீன மொழியில் ஒரு தடவை சொல்லிக்கொண்டே போனான். சீனம் அவனுக்கு நன்றாகவே வந்தது. வெளியே ஒரு சரக்கு வண்டி, பெட்டி பெட்டியாக, வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. முடிவே இல்லாத மாதிரி இருந்தது. மாப்பிள்ளை பெட்டிகளை எண்ணத் தொடங்கி, நாற்பதுக்கு அப்புறம் விட்டுவிட்டான்.

அவன் கைக்கடிகாரத்தை ஊரிலிருந்து கிளம்பியதிலிருந்தே மாற்றவில்லை. அதில் மணி ஒன்று.

"நம்ம ஊர்ல இப்பத்தான் சாப்பாட்டு நேரம் மாமா. அந்தப் பாதி நூடுல்ஸை முடிச்சுட்டே வந்திருக்கலாம்" என்று சொல்லி, பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தான்.